கிளவுட் பிளஸ் தயாரிப்பு: எஸ்எஸ்எச் பாதியில் உறைகிறது, சைட் அரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது. எங்கே தேடுவது?

#1 தக்கலை_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். காம்ப்டியா நடத்துகிற கிளவுட் பிளஸ் சான்றிதழ் தேர்வுக்கு, புதிய சிவி0-004 பாடத்திட்டத்தில், படித்துக்கொண்டிருக்கிறேன். புத்தகத்தை மட்டும் புரட்டினால் ட்ரபிள்ஷூட்டிங் மண்டையில் ஏறாது என்று அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் (அங்குள்ள டேட்டா சென்டர்களில்) ஒரு சின்ன லேப் போட்டேன். ஒரு டி2.மைக்ரோ (சின்ன வாடகை சர்வர்), அதில் உபுண்டு, என்ஜின்எக்ஸ், பிஎச்பியில் ஒரு குட்டி சைட். அந்த லேப் இப்போது நிஜமாகவே மக்கர் பண்ணுகிறது.

முதல் தொல்லை: வீட்டு ஃபைபர் இணைப்பிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்து சர்வருக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கிற வழி) போட்டால் உள்ளே போகிறது. சின்னச் சின்னக் கட்டளை எல்லாம் ஓடுகிறது. ஒரு பெரிய லாக் ஃபைலைத் திறந்தால் அப்படியே உறைந்துவிடுகிறது. விண்டோவை மூடிவிட்டுத் திரும்ப நுழைய வேண்டியதுதான். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் ஒரு குறையும் இல்லை. நாகர்கோவிலில் ஆபீஸிலிருந்து போட்டாலும் சரியாக இருக்கிறது. சர்வருக்கு பிங் அடித்தால் எங்கிருந்தும் பதில் வராது.

அடுத்தது: சைட்டுக்கு லோட் டெஸ்ட் கொடுத்தால் முதல் அரை மணி நேரம் பறக்கிறது. அப்புறம் ஒரு பக்கம் திறக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகிறது. கன்சோலில் பார்த்தால் சிபியூ 10% தான் காட்டுகிறது! ரீபூட் பண்ணினாலும் மாற்றமில்லை. ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினால் மறுபடியும் அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது.

அப்படி ஸ்டாப், ஸ்டார்ட் பண்ணிய பிறகு சில நேரம் டொமைன் பெயரில் சைட் திறக்கவே மாட்டேன் என்கிறது. இது மூன்றாவது.

இணைய இணைப்பு கொடுத்தவரை மாற்றுவதா, பெரிய சர்வர் எடுப்பதா? தேர்வில் இதையெல்லாம் எப்படிக் கேட்பார்கள்?

#2 திங்கள்சந்தை_டீ

ஐப்பசி மழை தம்பி. எங்கோ ரப்பர் கிளை கேபிள் மேலே சாய்ந்து கிடக்கும். கனெக்‌ஷன் கொடுத்தவனுக்கு ஃபோன் போடு, சாயா குடி, படு.

#3 குளச்சல்_கேபிள்

கேபிள் அடிபட்டிருந்தால் எல்லாமே திக்கும். யூடியூப் சுற்றும், வீடியோ கால் உடையும். இவருக்கு அப்படி இல்லை. சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் மட்டும் காணாமல் போகிறது. நான் இந்த ஃபைபர் வேலையில்தான் இருக்கிறேன். அளவைப் பொறுத்து நோய் வந்தால் முதலில் எம்டியூவைத்தான், அதாவது ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாகப் போகலாம் என்கிற வரம்பைத்தான், சந்தேகப்பட வேண்டும்.

தம்பி, வீட்டிலிருந்து இதைச் செய்து பார்த்துவிட்டு வா. உன் சர்வர் பிங்குக்குப் பதில் சொல்லாது என்பதால் ஏதாவது ஒரு பொது டிஎன்எஸ் முகவரிக்கு அடி, 8.8.8.8 போதும். விண்டோஸ் என்றால் பிங்கோடு -எஃப் -எல் 1472 சேர்த்து அடி. லினக்ஸ் என்றால் -எம் டூ -எஸ் 1472. பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்லி அனுப்புகிற முறை இது. 1472 ஏன் என்றால், ஈதர்நெட்டின் 1500இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி (பிங்கும் நெட்வொர்க் பிழைச் செய்தியும் போகிற முறை) தலைப்புக்கு 8 போக மிச்சம். அது போகவில்லை என்றால் 1464 வைத்துப் பார்.

#4 தக்கலை_தம்பி

பார்த்துவிட்டேன் அண்ணே. 1472க்கு ‘துண்டாக்க வேண்டும், ஆனால் அனுமதி இல்லை’ என்கிற பிழை வருகிறது. 1464 சிக்கலில்லாமல் போகிறது. 1465க்கு மறுபடியும் பிழை.

#5 குளச்சல்_கேபிள்

கொள்ளாம். 1464 கூட்டல் 28, 1492. உன் வீட்டு இணைப்பு பிபிபிஓஇ. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு ரவுட்டர் டயல் பண்ணுகிற வகை. அது ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். ஹாட்ஸ்பாட்டிலும் ஆபீஸ் லைனிலும் இந்த வம்பு வராததற்குக் காரணம் அங்கே பாதை வேறு, ரவுட்டர் வேறு.

#6 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

கேபிள் அண்ணன் சொன்னது சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி விடைதான். பிபிபிஓஇ வைத்திருக்கிற வீடுகள் ஊரெல்லாம் இருக்கின்றன. அங்கெல்லாம் எஸ்எஸ்எச் உறையவில்லையே? உன் சர்வரோடு பேசும்போது மட்டும் ஏன் உறைகிறது?

இப்படி நடக்காமல் இருக்க இரண்டு காவல் உண்டு. ஒன்று வீட்டு ரவுட்டர். டிசிபி கைகுலுக்கும்போதே எம்எஸ்எஸ் மதிப்பை (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் வைக்கலாம் என்கிற தரவின் அளவை) 1452 ஆகக் குறைத்து எழுதிவிடும், எதிர்ப்பக்கம் பெரிய பாக்கெட்டே அனுப்பாது. பல ரவுட்டர் இதைச் சொல்லாமலே செய்யும், உன்னுடையது செய்யவில்லை போலிருக்கிறது. இரண்டாவது காவல் பாத் எம்டியூ டிஸ்கவரி. நடுவில் இருக்கிற ரவுட்டரால் பாக்கெட்டை அனுப்ப முடியவில்லை என்றால், ‘இது பெரிது, 1492க்குள் அனுப்பு’ என்று ஐசிஎம்பி டைப் 3 கோட் 4 செய்தியைச் சர்வருக்குத் திருப்பி அனுப்பும். சர்வர் அதைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் செய்தி சர்வருக்கு வந்து சேராவிட்டால், சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். உன் திரை உறைந்து நிற்கிற நேரம் அதுதான்.

எங்கிருந்தும் பிங் வரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். ஐசிஎம்பியை எங்கோ பூட்டியிருக்கிறாய். எங்கே என்று தேடு.

#7 மார்த்தாண்டம்_பஸ்

செக்யூரிட்டி குரூப்பில் (சர்வருக்கு அமேசான் வைக்கிற ஃபயர்வாலில்) ஐசிஎம்பி மொத்தத்தையும் திறந்துவிடு, வேலை முடிந்தது. இல்லையென்றால் சர்வரின் எம்டியூவை 1400 ஆக்கு. நான் எங்கே போனாலும் அதைத்தான் செய்வேன்.

#8 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

அண்ணா, செக்யூரிட்டி குரூப் ஸ்டேட்ஃபுல். வெளியே போன இணைப்புக்கும் உள்ளே அனுமதித்த இணைப்புக்கும் கணக்கு வைத்திருக்கும். அந்த இணைப்பைப் பற்றித் திரும்பி வருகிற ஐசிஎம்பி பிழைச் செய்தியைத் தனி விதி இல்லாமலே உள்ளே விடும். அங்கே திறந்தால் பிங் வேலை செய்யும், உறைவது நிற்காது.

தேட வேண்டிய இடம் நெட்வொர்க் ஏசிஎல், அதாவது சப்நெட் என்கிற நெட்வொர்க் பகுதியின் வாசலில் இருக்கிற அனுமதிப் பட்டியல். அதற்கு ஞாபகமே கிடையாது. ஒவ்வொரு பாக்கெட்டையும் விதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும், விதியில் இல்லாததை வீசும். இயல்பாக வருகிற ஏசிஎல் எல்லாவற்றையும் விடும். தம்பி பாதுகாப்புப் பாடம் பண்ணுகிறேன் என்று புதிதாக ஒன்று உருவாக்கியிருப்பான், பந்தயம் கட்டுகிறேன்.

1400 வைத்தியத்தைப் பற்றி: வேலை செய்யும். ஆனால் அமேசானில் ஒரே விபிசிக்குள் (உன் தனி நெட்வொர்க்குக்குள்) சர்வருக்கும் சர்வருக்கும் 9001 பைட் வரை போகலாம், இன்டர்நெட் கேட்வேயைத் தாண்டும்போதுதான் 1500. ஒரு வீட்டு ரவுட்டருக்காக உள்ளே இருக்கிற டேட்டாபேஸ் பேச்சையும் சேர்த்துக் குறுக்க வேண்டுமா? தேர்விலும் ‘மற்றவற்றைப் பாதிக்காமல்’ என்று ஒரு வார்த்தை கேள்விக்குள் ஒளிந்திருக்கும். அந்த வார்த்தைக்காகத்தான் இரண்டாவது சரியான விடையை ஒதுக்க வேண்டியிருக்கும்.

#9 தக்கலை_தம்பி

அக்கா, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். என் ஏசிஎல்லில் உள்ளே வர 22, 80, 443 டிசிபி, அப்புறம் 1024 முதல் 65535 வரை டிசிபி. வெளியே போகவும் அதே மாதிரி. ஐசிஎம்பி என்று ஒரு வரியும் இல்லை. டைப் 3 கோட் 4ஐ மட்டும் உள்ளே அனுமதித்தேன். வீட்டு ஃபைபரிலேயே லாக் ஃபைல் மடமடவென்று ஓடுகிறது. பிங் இன்னும் வரவில்லை, அது எக்கோ என்பதால் தனி விதி வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். சர்வரில் இடைமுகத்தைப் பார்த்தால் 9001 என்றுதான் காட்டுகிறது. அதை அப்படியே விடலாமா?

#10 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

விடலாம். டிசிபியில் இரண்டு பக்கமும் தங்கள் எம்எஸ்எஸ்ஸைச் சொல்லும், சர்வர் 8961 என்று சொன்னாலும் உன் லேப்டாப் 1460 என்று சொல்வதால் அதற்குள்ளேதான் அனுப்பும். உன் சிக்கலே அந்த 1460க்கும் பாதையில் நிஜமாக இருந்த 1452க்கும் நடுவில் இருந்த 8 பைட்தான்.

கூகிள் கிளவுடில் இயல்பான எம்டியூ 1460. அங்கே விபிஎன் டனல் போட்டு இன்னும் குறையும்போது இதே நாடகம் நடக்கும்.

#11 கருங்கல்_ஃப்ரெஷர்

இதே நோய் எனக்கும் இருந்தது அக்கா. எனக்கு லாகினே ஆகாது. -வி போட்டு ஓட்டினால் கீ பரிமாற்றத்தின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரியில் நின்றுவிடும். கீ ஃபைல் தப்பு என்று நினைத்துப் புதுக் கீ உருவாக்கிக்கொண்டே இருந்தேன்.

#12 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

அதே குடும்பம்தான். புதிய ஓபன்எஸ்எஸ்எச்சில் கீ பரிமாற்றம் குவாண்டம் கணினியையும் தாங்குகிற மாதிரி மாறியதால் அந்தப் பதில் முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. பழைய பதிப்பில் உள்ளே போய் உறையலாம், புதியதில் வாசலிலேயே உறையலாம். கீ தப்பாக இருந்தால் உறையாது, மறுப்பு உடனே வரும்.

#13 ஆரல்வாய்மொழி_காற்று

நெட்வொர்க் ஆட்கள் முடித்துவிட்டீர்களா? இரண்டாவது தொல்லைக்கு நான் வருகிறேன். அதுதான் எனக்குப் பிடித்தது.

தம்பி தந்த குறிப்புகள் நான்கு. அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு சரிகிறது. கன்சோலில் சிபியூ 10%. ரீபூட் உதவவில்லை. ஸ்டாப், ஸ்டார்ட் உதவுகிறது. இந்த நான்கையும் ஒரே காரணம் விளக்க வேண்டும்.

டி2 வகை பர்ஸ்டபிள். சிபியூ முழுவதும் உனக்கு வாடகைக்கு வரவில்லை. மொட்டை மாடி டேங்க் மாதிரி: சின்னக் குழாயில் மெல்ல நிரம்பும், பெரிய குழாயைத் திறந்தால் சட்டென்று காலி. டி2.மைக்ரோவுக்கு மணிக்கு 6 கிரெடிட் வரும், அதிகபட்சம் 144 வரை சேரும். ஒரு கிரெடிட் என்றால் ஒரு விசிபியூ ஒரு நிமிடம் முழு வேகத்தில் ஓடலாம். முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு 60 செலவு, 6 வரவு, நிகரம் 54 நஷ்டம். டேங்க் நிரம்பியிருந்தால் 144ஐ 54ஆல் வகுத்தால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

உனக்கு ஏன் அரை மணி நேரம்? டி2 ஸ்டாண்டர்டு ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் 30 கிரெடிட் இனாமாகக் கிடைக்கும். 30ஐ 54ஆல் வகு. 33 நிமிடம்! ஸ்டாப் பண்ணினால் சேர்த்து வைத்தது போய்விடும், ஸ்டார்ட் பண்ணினால் அந்த 30 வரும். ரீபூட்டுக்கு இனாம் கிடையாது. கிரெடிட் தீர்ந்ததும் உன்னை 10% அடிப்படைக்கு இறக்கிவிடும், கன்சோல் காட்டிய 10% அதுதான். சும்மா கிடக்கிற 10% இல்லை அது, கழுத்தைப் பிடித்து நிறுத்தின 10%.

#14 மார்த்தாண்டம்_பஸ்

எனக்கு ஒப்பவில்லை. ஸ்டாப், ஸ்டார்ட் பண்ணினால் வேறு ஹோஸ்டுக்கு (வேறு நிஜ இயந்திரத்துக்கு) போகும். பழைய ஹோஸ்டில் பக்கத்து வாடகைக்காரன் சிபியூவைத் தின்றிருப்பான். புத்தகத்திலேயே இருக்கிறது, நாய்ஸி நெய்பர்.

#15 ஆரல்வாய்மொழி_காற்று

பக்கத்து வீட்டுக்காரன் தம்பி லோட் டெஸ்ட் தொடங்கி 33வது நிமிடத்தில் மட்டும் வந்து தின்பானா? ஒவ்வொரு முறையும்?

வாதம் வேண்டாம், அளந்தால் தெரிந்துவிடும். டாப் கட்டளையில் சிபியூ வரியில் ‘எஸ்டி’ என்று ஒன்று இருக்கும், ஸ்டீல் டைம். உனக்கு வேலை இருந்தும் ஹைப்பர்வைசர் (ஒரே இயந்திரத்தைப் பல சர்வருக்குப் பங்கிடுகிற மென்பொருள்) சிபியூவைத் தராமல் நிறுத்திய நேரம். அது எகிறியிருந்தால் நீ சொல்கிற பக்கத்து வீட்டுக்காரனாகவும் இருக்கலாம், நான் சொல்கிற கிரெடிட்டாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரிப்பது அமேசானின் கண்காணிப்புக் கருவியான கிளவுட்வாட்ச்சில் இருக்கிற கிரெடிட் பேலன்ஸ் என்கிற அளவு. அது பூஜ்யமாக இருந்தால் நான், நிறைய இருந்தும் எஸ்டி உயர்ந்தால் நீ.

இன்னொரு எதிரியும் இருக்கிறான். டிஸ்க் ஜிபி2 வகையில் 8 ஜிபி என்றால் அடிப்படை வேகம் 100 ஐஓபிஎஸ் (நொடிக்கு 100 முறை படிப்பது, எழுதுவது) தான். 3000 வரை பாயலாம், ஆனால் அதற்கும் ஒரு வாளி உண்டு, 54 லட்சம் ஐஓ கிரெடிட். 3000 வேகத்தில் கறந்தால் அதுவும் கிட்டத்தட்ட அரை மணி நேரத்தில் தீரும். அரை மணி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு சிபியூ என்று தீர்ப்பு எழுதக் கூடாது. டிஸ்க் என்றால் டாப்பில் ‘டபிள்யூஏ’ (டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம்) ஏறும், எஸ்டி ஏறாது. ஜிபி3 டிஸ்க்கில் அளவு எதுவானாலும் 3000 ஐஓபிஎஸ் அடிப்படையாகவே கிடைக்கும், இந்த வாளித் தொல்லை இல்லை.

#16 தக்கலை_தம்பி

பார்த்தேன். மந்தமான நேரத்தில் எஸ்டி 90ஐ ஒட்டி நிற்கிறது. டபிள்யூஏ ஒன்றுமே இல்லை. கிரெடிட் பேலன்ஸ் வரைபடம் சரிவாக இறங்கிப் பூஜ்யத்தில் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

அப்படியென்றால் டி3க்கு மாறிவிட்டால் போதுமா?

#17 ஆரல்வாய்மொழி_காற்று

மாறினால் மந்தம் போகும், பில் வரும். டி3 இயல்பாகவே அன்லிமிட்டடு முறையில் எழும்பும். கிரெடிட் தீர்ந்தாலும் நிறுத்தாது, கூடுதல் நேரத்துக்குக் காசு போடும். லோட் டெஸ்டை ஓட விட்டுவிட்டுச் சொத்தவிளை பீச்சுக்குப் போனால் மாதக் கடைசியில் தெரியும். லேபுக்கு ஸ்டாண்டர்டு முறைக்கு மாற்றி வை.

நிஜ வேலையில் கேள்வி வேறு. லோட் எப்போதாவது ஏறி இறங்கினால் பர்ஸ்டபிள் போதும். நாள் முழுக்க 40% ஓடுகிற சைட்டுக்குப் பர்ஸ்டபிள் எடுப்பதே தப்பு, எம் வகை நிலையான சிபியூ எடுக்க வேண்டும். கிளவுட் பிளஸ் எந்த நிறுவனத்தையும் சாராத தேர்வு என்பதால் டி2 என்று பெயர் சொல்லிக் கேட்க வாய்ப்புக் குறைவு. ஓவர்சப்ஸ்கிரிப்ஷன் (இருப்பதைவிட அதிகமாகப் பங்கிடுவது), ரிசோர்ஸ் போட்டி, சரியான அளவு தேர்வு என்கிற உடையில் வரும்.

#18 அருமனை_ரப்பர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் லேப் வர்ஜீனியா ரீஜனில் இருக்கிறது. பாடம் நடத்தியவர் வீடியோவில் அதைத்தான் எடுத்தார். எழுத்து ஒவ்வொன்றும் பைய பைய வந்து விழுகிறது. சர்வரில் சிபியூ, மெமரி, எஸ்டி எல்லாம் சும்மா கிடக்கிறது. ஃபைல் இறக்கினாலும் 100 எம்பி இணைப்பில் ஒரே ஃபைல் நத்தை மாதிரி வருகிறது, நாலைந்து ஃபைலைச் சேர்த்து இறக்கினால் மொத்த வேகம் கூடுகிறது.

#19 குளச்சல்_கேபிள்

அது சர்வர் நோய் இல்லை, தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கி.மீ. போகும். நம்ம மாவட்டத்திலிருந்து வர்ஜீனியா நேர்க்கோட்டிலேயே சுமார் 14,000 கி.மீ. போய் வர 140 மில்லி நொடிக்குக் குறைய இயற்கையே விடாது. கடலடிக் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் 200ஐத் தாண்டும். மும்பை நேர்க்கோட்டில் 1,300 கி.மீ., போய் வரக் குறைந்தது 13 மில்லி நொடி. 2022 நவம்பரில் திறந்த ஹைதராபாத் ரீஜன் வரைபடத்தில் இன்னும் கிட்டே. ஆனால் உன் இணைப்பு எந்த வழியாகச் சுற்றுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நிஜ எண், இரண்டுக்கும் அளந்து பார்த்து எடு.

#20 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

ஒரு ஃபைல் மெதுவாக, பல ஃபைல் சேர்ந்தால் வேகமாக என்பது டிசிபி விண்டோவின் கையெழுத்து. பதில் வருவதற்குள் எவ்வளவு அனுப்பி வைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. பழைய கணக்குப்படி 65,535 பைட், போய் வர 200 மில்லி நொடி என்றால் ஒரு இணைப்பில் நொடிக்கு 2.6 எம்பிட் தான் வரும். உன் இணைப்பு 100 ஆக இருந்தாலும் 1000 ஆக இருந்தாலும் அதே 2.6. இதற்குத்தான் 1992லேயே விண்டோ ஸ்கேலிங் வந்தது. இப்போதைய இயங்குதளங்களில் அது இயல்பாகவே இயங்கும். நடுவில் இருக்கிற பழைய ஃபயர்வால் அந்தத் தேர்வைக் கழற்றிவிட்டால் மறுபடியும் 2.6க்கு வந்து நிற்பாய். பாக்கெட் இழப்பு இருந்தாலும் தூரம் கூடக்கூட அடி பலமாக விழும்.

தேர்வில் ‘பேண்ட்வித்தை உயர்த்து’ என்று ஒரு விடை ஆசை காட்டும். லேட்டன்ஸி (போய் வருகிற தாமதம்) சிக்கலுக்கு அது மருந்தே இல்லை. ரீஜனைக் கிட்டே கொண்டுவருவது, சிடிஎன் (ஆட்களுக்குப் பக்கத்தில் நகல் வைத்துத் தருகிற சேவை) போடுவது, இதில் ஒன்றைத் தேடு.

#21 கருங்கல்_ஃப்ரெஷர்

நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். என் ஆப் 8080இல் ஓடுகிறது. சர்வருக்குள்ளிருந்து கர்ல் அடித்தால் பக்கம் வருகிறது. வெளியிலிருந்து அடித்தால் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. செக்யூரிட்டி குரூப்பில் 8080ஐத் திறந்து, மூடி, திறந்து பார்த்துவிட்டேன்.

#22 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

ரெஃப்யூஸ்டு என்றால் பாக்கெட் சர்வரைத் தொட்டுவிட்டது, அங்கே ‘ஆள் இல்லை’ என்று பதிலும் வந்துவிட்டது. செக்யூரிட்டி குரூப் தடுத்தால் பதிலே வராது, காத்திருந்து டைம்அவுட் ஆகும். ஆகவே செக்யூரிட்டி குரூப்பை விட்டுவிடு. எஸ்எஸ் கட்டளையில் -டிஎல்என்பி போட்டுப் பார். ஆப் 127.0.0.1:8080இல் கேட்டுக்கொண்டிருக்கும். அது சர்வருக்குள்ளே மட்டும் தெரிகிற முகவரி. எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கிற 0.0.0.0க்கு மாற்று.

சர்வருக்குள்ளே ஃபயர்வால் வைத்து ரிஜெக்ட் விதி போட்டிருந்தாலும் ரெஃப்யூஸ்டு மாதிரி வரலாம், அதையும் ஒரு பார்வை பார்த்துவிடு.

#23 கருங்கல்_ஃப்ரெஷர்

127தான் அக்கா!! நன்றி.

#24 மார்த்தாண்டம்_பஸ்

சரி, இங்கே தேர்வு எழுதி முடித்தவன் நான். எழுதப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

அதிகபட்சம் 90 கேள்வி, 90 நிமிடம். 100 முதல் 900 வரையான அளவுகோலில் 750 எடுத்தால் பாஸ். முதலிலேயே செய்முறைக் கேள்வி வந்து நிற்கும், வரைபடத்தைக் கொடுத்து எங்கே உடைந்திருக்கிறது என்று கேட்கிற மாதிரி. அதிலேயே உட்கார்ந்தால் நேரம் போய்விடும். குறி வைத்துவிட்டுத் தாண்டிப் போங்கள், கடைசியில் வாருங்கள்.

பழைய சிவி0-003 பாடத்திட்டத்தில் ட்ரபிள்ஷூட்டிங்குக்கு 22% இருந்தது, 004இல் 12% ஆகிவிட்டது, டெவ்ஆப்ஸ் அடிப்படைகள் 10% புதிதாக வந்தது. அதனால் ட்ரபிள்ஷூட்டிங்கைத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆர்க்கிடெக்சர் 23%, செக்யூரிட்டி 19% என்று இருந்தாலும் அந்தக் கேள்விகளுக்குள்ளேயே ‘ஏன் வேலை செய்யவில்லை’ என்பதுதான் உட்கார்ந்திருக்கிறது.

‘அடுத்து என்ன செய்வார்?’ என்று கேட்டால் வரிசையைப் பாருங்கள். சிக்கலை அடையாளம் காண்பது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டம் போடுவது, செய்வது, முழுவதும் சரியாகிவிட்டதா என்று பார்ப்பது, எழுதி வைப்பது. கதையில் ஊகம் வரைக்கும் வந்திருந்தால் விடை சோதனைதான், நேராக ரீஸ்டார்ட் இல்லை.

#25 திங்கள்சந்தை_டீ

‘அடையாளம் காண்பது, ஊகிப்பது, சோதிப்பது’ என்று சொல்கிற அண்ணன்தான் மேலே #7இல் மொத்தத்தையும் திற என்றார்.

#26 மார்த்தாண்டம்_பஸ்

அது பிராக்டிகல் மக்கா. இது தேர்வு.

#27 தக்கலை_தம்பி

ஒரு மாதிரிக் கேள்வியில் எனக்குக் குழப்பம். ‘/28 சப்நெட்டில் ஆட்டோஸ்கேலிங் (லோடுக்கு ஏற்பச் சர்வரைக் கூட்டிக் குறைக்கிற) குரூப். ஒரு கட்டத்துக்கு மேல் புதிய சர்வர் எழும்பவில்லை. கோட்டா மிச்சம் இருக்கிறது. காரணம் என்ன?’ விடை முகவரி தீர்ந்துவிட்டது என்பது புரிகிறது. ஆனால் எத்தனையாவது சர்வரில் தீரும்? 14க்குப் பிறகா, 11க்குப் பிறகா?

#28 ஆரல்வாய்மொழி_காற்று

11. /28 என்றால் 16 முகவரி, அமேசானிலும் அஷூரிலும் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5ஐ அவர்களே வைத்துக்கொள்வார்கள்.

#29 மார்த்தாண்டம்_பஸ்

நிறுவனம் சாராத தேர்வில் 5 கழிக்கச் சொல்ல மாட்டார்கள். நெட்வொர்க், பிராட்காஸ்ட் இரண்டையும் கழித்து 14.

#30 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

கேள்வியில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் 11, இல்லையென்றால் 14 என்று நான் எடுப்பேன். நிஜத்தில் 11கூடக் கிடைக்காது. லோட் பேலன்சரும் (வேலையைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) அதே சப்நெட்டில் முகவரி எடுக்கும். அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சருக்குச் சப்நெட்டில் குறைந்தது 8 முகவரி காலியாக இருக்க வேண்டும், சப்நெட் /27 ஆவது இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். /28 போட்டவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும்.

#31 அருமனை_ரப்பர்

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதலாமா, திருவனந்தபுரம் போய் மையத்தில் எழுதலாமா? எங்கள் பக்கம் மதியத்துக்கு மேல் இடி தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

#32 குளச்சல்_கேபிள்

மையத்துக்குப் போ. வீட்டில் எழுதுவதாக இருந்தால் காலை ஸ்லாட் எடு. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும், லேப்டாப்பில் பேட்டரி இருந்து பெட்டியில் இல்லாவிட்டால் பயனில்லை. ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்தாலும் தேர்வு நடுவில் ஃபோனைக் கையில் எடுக்க விட மாட்டார்கள்.

#33 மார்த்தாண்டம்_பஸ்

நான் திருவனந்தபுரத்தில்தான் எழுதினேன். வீட்டில் கேமரா முன்னால் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் யாரோ விடை சொல்கிறார் என்று நினைப்பார்களோ என்று பயப்பட என்னால் முடியாது.

#34 தக்கலை_தம்பி

எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது தொல்லையை யாரும் தொடவில்லையே. ஸ்டாப், ஸ்டார்ட் பண்ணினால் டொமைன் திறக்காதது?

#35 நாகர்கோவில்_நைட்ஷிப்ட்

ஸ்டாப் பண்ணினால் பொது ஐபியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், ஸ்டார்ட் பண்ணும்போது வேறு தருவார்கள். உன் டிஎன்எஸ் பதிவு பழையதையே காட்டிக்கொண்டு நிற்கும். நீ கையால் மாற்றினாலும் டிடிஎல் (பழைய பதிலை எத்தனை நொடி நினைவில் வைக்கலாம் என்கிற அளவு) 3600 என்றால் ஒரு மணி நேரம் வரை சிலருக்குப் பழையதே போகும். ‘சில நேரம் திறக்கவே மாட்டேன் என்கிறது’ என்று நீ சொன்னதற்கு அதுதான் காரணமாக இருக்கும், டிக் கட்டளையில் பார்த்தால் மிச்ச டிடிஎல் இறங்குவது தெரியும். இன்னொன்று, அந்தப் பழைய முகவரி அடுத்து வேறு யாருக்காவது போகும். உன் டொமைன் அவர் சர்வரைக் காட்டிக்கொண்டு நிற்பது நல்லதில்லை.

எலாஸ்டிக் ஐபி (உனக்கென்று நிலையாக ஒதுக்குகிற பொது முகவரி) எடுத்து ஒட்டிவிடு, ஸ்டாப் பண்ணினாலும் மாறாது.

#36 ஆரல்வாய்மொழி_காற்று

ஒட்டிவிட்டு மறந்துவிடாதே. 2024 பிப்ரவரி முதல் பொது ஐபிவி4 முகவரிக்கு, சர்வரோடு ஒட்டியிருந்தாலும் சும்மா கிடந்தாலும், மணிக்கு 0.005 டாலர். மாதம் 3.6 டாலர். லேப் முடிந்ததும் சர்வரை அழித்தால் மட்டும் போதாது, எலாஸ்டிக் ஐபியைத் தனியாக ரிலீஸ் பண்ண வேண்டும்.

#37 தக்கலை_தம்பி

பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு சும்மா கிடக்கின்றன. இப்போதே ரிலீஸ் பண்ணுகிறேன்.